ஒரு வரி நின்ற இடம்

பிரதிவாதி தாக்கல் செய்த எதிருரையோடு ஒரு தடித்த தாள்கட்டு இணைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தாளும் இரண்டு பத்தியாகப் பிரித்து அச்சிடப்பட்டது. இடப்பக்கம் என் கட்சிக்காரர் எழுதிய நிரல். வலப்பக்கம் பிரதிவாதி விற்றுவந்த நிரல். இரண்டு கோப்புகளை ஒப்பிடும் கருவி, மாறுபடும் வரியைச் சிவப்பில் காட்டும். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை எல்லா வரியும் சிவப்பு. எதிருரை சொன்னது இதுதான்: இரு நிரல்களுக்கும் இடையில் ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை, ஆகவே வழக்கைச் செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்ய வேண்டும்.

கருவி பொய் சொல்லவில்லை. எல்லா வரிகளும் மாறித்தான் இருந்தன. அந்த மாற்றத்தைச் செய்தது யார் என்பதுதான் வழக்கு. ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து வேறாக எழுதினாரா? அல்லது எழுத்துகளைத் தட்டும் எடிட்டரில் இருக்கும் ஓர் அமைப்பு, ஒரு சொடுக்கில் எல்லா வரியையும் மாற்றிவிட்டதா? நிரல் திருட்டு வழக்குகளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்று அந்த வழக்கு எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஊர்க்காரர்கள் ஆளை அடையாளம் காணாதபடி பெயர்களையும் சில விவரங்களையும் விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. நெல்லும் மணிலாவும் விளையும் பூமி. அறுவடை முடிந்தால் மண்டி வாசலில் மூட்டைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வாதி அந்த ஊர்த் தம்பி. பாலிடெக்னிக் முடித்த கையோடு சென்னைக்கு பஸ் ஏறாமல், ஊரிலேயே இருந்து ஒரு நெல் மண்டிக்கு ரசீது போடும் மென்பொருள் எழுதினார். விவசாயி கொண்டுவரும் ஒவ்வொரு ரகத்துக்கும் எடை, விலை, கமிஷன், இறக்குக் கூலி எல்லாவற்றையும் கணக்கிட்டு, கையில் கிடைக்கும் தொகையை அச்சிட்டுத் தரும். கணக்குப்பிள்ளை இரவு பத்து மணி வரை பேரேட்டோடு போராடிய மண்டி அது. மென்பொருள் வந்தபின் கடை மூடும்போதே கணக்கும் முடிந்தது. பக்கத்து ஊர் மண்டிகளும் கேட்டு வாங்கின.

பிறகு ஒருநாள், வேறு மாவட்டத்தில் உள்ள ஒரு மண்டியில் அதே திரையை, வேறு பெயரில், தம்பியின் உறவினர் ஒருவர் பார்த்திருக்கிறார். விற்றவர் கணினி பழுதுபார்க்கும் ஒருவர். கீழ்பென்னாத்தூர் மண்டியின் கணினி பழுதானபோது சரிசெய்து கொடுத்தவரும் அவர்தான்.

தம்பிக்கு முதல் பயம் அலைச்சல். “அவரு ஊருக்குப் போயி கேஸ் போடணுமா சார்? வாய்தா வாய்தாவா அலைய எங்களால முடியாது.” வேண்டியதில்லை என்றேன். பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 62 இப்படிப்பட்டவர்களை நினைத்தே எழுதப்பட்டது. உரிமையாளர் தாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். 1984ஆம் ஆண்டுத் திருத்தம் முதல், கணினி நிரலும் சட்டத்தின் பார்வையில் இலக்கியப் படைப்பு. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. அது 2014ஆம் ஆண்டு. திருவண்ணாமலை மாவட்ட நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குத் தாக்கல் செய்தோம்.

நகல் என்று சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. இரண்டு படைப்புகளையும் பார்க்கும் ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் ஐயமின்றி எழ வேண்டும். ரசீது போடுவது கருத்து. அதை யாரும் செய்யலாம். தம்பி எழுதிய வரிகள் அவருடைய வெளிப்பாடு. அந்த வரிகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்று எதிர்த்தரப்பு சிவப்புத் தாள்களை நீட்டியது.

தாள்களைத் தம்பியின் முன் விரித்து, வரிவரியாகப் படிக்கச் சொன்னேன். வலப்பக்க வார்த்தைகள் இடப்பக்க வார்த்தைகளேதான். மாறிகளின் பெயர்கள் அப்படியே இருந்தன. விளக்கக் குறிப்புகளில் இருந்த எழுத்துப்பிழைகூட இரண்டு பக்கமும் ஒன்றே. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கருவிக்கு ஏன் வேறாகத் தெரிகிறது? தம்பி சொன்னார்: “மாறியிருக்கறது எழுத்து இல்ல சார். எழுத்துக்கு முன்னாடி இருக்கற காலி இடமும், வரி முடியற இடமும்.”

அந்தக் காலி இடத்துக்கு உள்தள்ளல் என்று பெயர். நீதிமன்ற வாசலில் தட்டச்சுப் பொறியின் ஓசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது புதிதல்ல. மனுவில் கட்சிக்காரர் பெயர் ஓர் இடத்திலும், ‘வாதி’ என்ற சொல் இன்னோர் இடத்திலும் நிற்பதற்கு, டைப்பிஸ்ட் டேபுலேட்டர் நிறுத்தங்களை முன்கூட்டியே வைத்துக்கொள்வார். சாவியை அழுத்தினால் வண்டி அடுத்த நிறுத்தத்துக்கு ஓடும். கணினியின் டேப் சாவி அதன் வாரிசுதான். கணினிக்குள் டேப் ஒரு தனி எழுத்து, அதன் எண் 9. ஸ்பேஸ் வேறோர் எழுத்து, அதன் எண் 32. டேப் எழுத்து ‘அடுத்த நிறுத்தத்துக்குப் போ’ என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. அந்தத் தூரத்தை எடிட்டர் முடிவு செய்கிறது. ஓர் எடிட்டர் எட்டு இடம் விடும், இன்னொன்று நான்கு இடம் விடும். ஆகவே ஒரே கோப்பு இரண்டு கணினிகளில் இரண்டு தோற்றம் கொள்ளும். தோற்றம் ஒன்றாக இருக்கும் இரண்டு கோப்புகள் உள்ளுக்குள் வேறாகவும் இருக்கும்.

வரி முடிவிலும் இதே கதை. லினக்ஸ் கணினி ஒரு வரியை ஒரே குறியீட்டால் முடிக்கும். விண்டோஸ் வழக்கத்தில் இரண்டு குறியீடுகள். கோப்பை ஒரு பழக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிச் சேமித்தால், கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொரு வரியும் மாறிவிடும். தம்பி லினக்ஸில் எழுதினார், பிரதிவாதி விண்டோஸில் வைத்திருந்தார். எல்லா வரியும் சிவப்பானதன் காரணம் தெரிந்துவிட்டது. அதை நீதிமன்றம் ஏற்கும்படி நிரூபிப்பது அடுத்த வேலை.

அப்போது தம்பியிடம் நான் கேட்டது: “எல்லாக் கோப்பிலும் உள்தள்ளல் ஒரே மாதிரிதானா?” இல்லை என்றார். அவர் பயன்படுத்திய எடிட்டர் விம். கோப்பின் வகையைப் பார்த்து உள்தள்ளலைத் தீர்மானிக்கும்படி அதில் எழுதிவைக்கலாம். தம்பி எழுதிவைத்திருந்தார். பைத்தான் கோப்பு என்றால், டேப் சாவியை அழுத்தினாலும் நான்கு ஸ்பேஸ் விழ வேண்டும். மேக்ஃபைல் என்றால் டேப் டேப்பாகவே இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் டேப். எச்டிஎம்எல் என்றால் மூன்று ஸ்பேஸ். ஏன் மூன்று என்று கேட்டேன். வீட்டிலிருந்தது சின்னத் திரை, நான்கு வைத்தால் வரி வலப்பக்கம் ஓடிவிடுகிறது, இரண்டு வைத்தால் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றார். இந்த அமைப்புக் கோப்பையும் சேர்த்துத்தான், நிறுவிய அன்று மண்டிக்காரருக்கு ஒரு சிடியில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தார். மண்டிக்காரர் அதை ரசீதோடு இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். ரசீதில் தேதி இருந்தது.

அந்த சிடி இல்லையென்றால் வழக்கு வேறு திசையில் போயிருக்கும். திருட்டு தெரிந்த பதற்றத்தில் தம்பி தன் வீட்டுக் கணினியில் இருந்த கோப்புகளை ஒரு புது எடிட்டரில் திறந்து பார்த்திருந்தார். அந்த எடிட்டர், சேமிக்கும்போது வரிக்கடைசியில் தொங்கும் ஸ்பேஸ்களைத் தானாகவே நீக்கிவிடும். ஒரு கோப்பின் கைரேகை என்று சொல்லத்தக்க ஹாஷ் மதிப்பு, ஒரே ஒரு ஸ்பேஸ் போனாலும் முழுக்க மாறிவிடும். வீட்டுக் கோப்பின் ஹாஷ் சிடியில் உள்ளதோடு பொருந்தவில்லை. வழக்குக்காக வாதி கோப்புகளைத் திருத்தினார் என்று எதிர்த்தரப்பு உடனே மனுப்போட்டது. நாங்கள் வீட்டுக் கோப்புகளை நம்பவே இல்லை, சிடியை மட்டுமே சான்றாவணம் ஆக்கினோம். 2014 செப்டம்பர் 18 அன்று அன்வர் எதிர் பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அப்போது புதிது. சாட்சியச் சட்டம் 65-பி பிரிவின் கீழ் சான்றிதழ் இல்லாமல் மின்னணு நகலைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று அது சொல்லியிருந்தது. சிடியை எழுதிய தம்பி சான்றிதழ் கொடுத்தார். அது தன் பெட்டியை விட்டு வெளியே போகவில்லை என்று மண்டிக்காரர் கூண்டில் ஏறிச் சொன்னார்.

உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் கட்டளை 26, விதி 10-ஏ என்று ஒன்று உண்டு. அறிவியல் ஆய்வு தேவைப்படும் கேள்வியை, அதில் தேர்ந்த ஆணையர் ஒருவரிடம் நீதிமன்றம் ஒப்படைக்கலாம். மண்டி வழக்குகளும் பாகப்பிரிவினையும் நிறைந்த எங்கள் பக்கத்தில் நில அளவைக்காக ஆணையர் போவது அன்றாடம், இந்த விதியை எடுப்பது அபூர்வம். கணினி அறிவியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவரிடம் இரண்டு ஒப்பீடுகள் கேட்டோம். இடைவெளிகளையும் வரி முடிவுகளையும் கணக்கில் எடுத்து ஒன்று, அவற்றைப் புறந்தள்ளி இன்னொன்று.

முதல் ஒப்பீடு எதிர்த்தரப்பின் தாள்களைப் போலவே முழுக்கச் சிவப்பு. இரண்டாவதில் மிஞ்சியது மென்பொருளின் பெயர், தலைப்புப் படம், தொலைபேசி எண் ஆகியவை இருந்த வரிகள் மட்டுமே.

இதோடு வழக்கு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் ஆணையர் அறிக்கையில் இன்னொரு பத்தி இருந்தது. இரண்டு நிரல்களுக்கும் ஒரே விவசாயியின் ஒரே கணக்கைக் கொடுத்தபோது, விடைகள் வேறாக வந்தன. ஒரே ரகம் இருந்தால் விடை ஒன்று. மூன்று ரகம் இருந்தால், வாதியின் நிரல் மூன்றுக்கும் இறக்குக் கூலி கழித்தது, பிரதிவாதியின் நிரல் கடைசி ரகத்துக்கு மட்டும் கழித்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டார். “விடையே வேறு என்றால் நிரல் எப்படி ஒன்றாகும், கனம் நீதிபதி அவர்களே?” நியாயமான வாதம்தான். அதற்கு விடை தெரியாமல் குறுக்கு விசாரணையைத் தொடங்க முடியாது.

அந்த விடை பைத்தான் மொழியின் இயல்பில் இருந்தது. கைடோ வான் ராசம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட அந்த மொழியில், எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை அடைப்புக்குறிகள் சொல்வதில்லை, உள்தள்ளலே சொல்கிறது. தம்பியின் நிரலில் அந்தப் பகுதியைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

ஒவ்வொரு ரகத்துக்கும்:
    தொகையைக் கூட்டு
    கூலியைக் கழி

பிரதிவாதியிடம் இருந்தது:

ஒவ்வொரு ரகத்துக்கும்:
    தொகையைக் கூட்டு
கூலியைக் கழி

ஒரே வரி, வேறு இடம். மேலே உள்ளதில் கூலி ஒவ்வொரு முறையும் கழியும். கீழே உள்ளதில் சுற்றெல்லாம் முடிந்தபின் ஒரே முறை, கடைசி ரகத்துக்கு மட்டும் கழியும்.

அந்த வரி ஏன் இடம் மாறியது? கூலி வரியைத் தம்பி கடைசி நேரத்தில் சேர்த்தார், நிறுவிய அன்று சிடி எழுதுவதற்கு முன், மண்டியிலேயே உட்கார்ந்து, அங்கிருந்த விண்டோஸ் கணினியின் எடிட்டரில். அவருடைய விம் அமைப்புகள் அந்தக் கணினியில் கிடையாது. டேப் சாவியை அழுத்தினார், டேப் எழுத்தே விழுந்தது. சுற்றிலும் உள்ள வரிகளில் எட்டு ஸ்பேஸ், இந்த வரியில் ஒரு டேப். அந்த எடிட்டர் டேப்பை எட்டு இடமாகக் காட்டும், ஆகவே கண்ணுக்கு நேராக இருந்தது. அன்றைய பைத்தான் இரண்டாம் பதிப்பும் டேப்பை எட்டின் மடங்காகவே எண்ணும், ஆகவே கணக்கும் சரியாக வந்தது. பிரதிவாதியின் எடிட்டரில் டேப் அளவு நான்கு. எல்லா டேப்பையும் ஸ்பேஸாக மாற்று என்று அவர் கட்டளையிட்டபோது, எட்டில் நின்ற கூலி வரி நான்குக்கு வந்துவிட்டது. நான்கில் ஏற்கெனவே ஒரு படி இருந்ததால் பைத்தான் முறையிடவில்லை. நிரல் ஓடியது, கூலி மட்டும் தவறியது. 2008இல் வந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு, டேப்பும் ஸ்பேஸும் இப்படிக் குழம்பிக் கிடந்தால் ஓடவே மறுத்துவிடும். இந்த மண்டி நிரல் இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்டிருந்தது.

கேள்விகளை மூன்று வகைக் கோப்புகளாகப் பிரித்துக்கொண்டேன். குறுக்கு விசாரணையில் பிரதிவாதியிடம் முதலில் எச்டிஎம்எல்.

“இந்தத் திரைகளை நீங்களே வடிவமைத்தீர்களா?”

“ஆமா.”

“எச்டிஎம்எல் எழுதும்போது எத்தனை ஸ்பேஸ் தள்ளி எழுதுவீர்கள்?”

“நாலு. எப்பவும் நாலுதான்.”

அவர் வேறு வாடிக்கையாளர்களுக்குச் செய்த பக்கங்களைக் காட்டினேன். எல்லாம் நான்கு. பிறகு மண்டி மென்பொருளின் பக்கத்தைக் காட்டி எண்ணச் சொன்னேன். எண்ணினார். “மூணு.” எச்டிஎம்எல்லில் உள்தள்ளலுக்கு உலாவி எந்தப் பொருளும் கொள்வதில்லை. அதனாலேயே அது எழுதுபவரின் பழக்கத்தை மட்டும் காட்டும். டேப்களை மாற்றும் கட்டளை, ஏற்கெனவே ஸ்பேஸாக இருந்த இந்த மூன்றைத் தொடவில்லை.

அடுத்து மேக்ஃபைல். பல கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும் ‘மேக்’ என்ற கருவிக்கான கோப்பு அது. பெல் ஆய்வகத்தில் 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதினார். கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி அப்போதே வந்தது. விதியை மாற்றலாமா என்று அவர் நினைத்தபோது, ஏறக்குறைய ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்த விதி இன்றும் உலகம் முழுக்க நிற்கிறது. ஸ்பேஸ் போட்டால் கருவி முதல் கட்டளை வரியிலேயே நின்றுவிடும்.

“இந்தக் கோப்பு எதற்கு?”

“பேக்கப் எடுக்க.”

“இயக்கிப் பார்த்திருக்கிறீர்களா?”

“அடிக்கடி.”

நீதிமன்ற அனுமதியோடு ஆணையர் அதைக் கணினியில் இயக்கிக் காட்டினார். பிழைச் செய்தி காட்டி நின்றது. அதில் எல்லா டேப்பும் ஸ்பேஸாகியிருந்தது. ஒருபோதும் ஓடியிருக்க முடியாத ஒரு கோப்பை, தானே எழுதி அடிக்கடி இயக்கியதாக அவர் சொல்லியிருந்தார்.

மூன்றாவதாகக் கூலி வரி. சிடியில் உள்ள கோப்பை எடுத்து, டேப் அளவு நான்கு என்று வைத்து, டேப்களை ஸ்பேஸாக மாற்றும்படி ஆணையரைக் கேட்டோம். மாற்றியபின், சேர்க்கப்பட்ட பெயரும் எண்ணும் தவிர, அந்தக் கோப்பின் உள்தள்ளல் பிரதிவாதியின் கோப்போடு படிக்குப்படி பொருந்தியது. கூலியும் அதே இடத்தில் தவறியது. விடை வேறு என்பது எதிர்த்தரப்பின் பெரிய பலமாக இருந்தது. அந்தத் தவறு வேறெங்கிருந்தும் வந்திருக்க முடியாது, தம்பியின் கோப்பிலிருந்துதான் வந்திருக்க முடியும் என்று இப்போது தெரிந்துவிட்டது.

இறுதி வாதத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கனமான தீர்ப்பு ஒன்றை எடுத்தார். ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக், 2007 டிசம்பர் 12. நீதிமன்றத் தீர்ப்பின் மூல வாசகம் எல்லோருக்கும் பொது. ஆனால் அதைப் பத்தி பத்தியாகப் பிரித்து எண்ணிட்டதில் பதிப்பாசிரியரின் திறமையும் தேர்வும் இருக்கின்றன, ஆகவே அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு. பத்தி பிரிப்பதே படைப்பு என்றால், எல்லா வரியையும் புதிதாக அடுக்கிய தம் கட்சிக்காரரின் உழைப்பும் படைப்பே என்றார் அவர்.

அந்தத் தீர்ப்பை நான் எதிர்க்கவில்லை, அதையே பற்றிக்கொண்டேன். அங்கே ஒரு மனிதர் தீர்ப்பை வாசித்து, ஒரு வாதம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று புரிந்துகொண்டு பிரித்தார். வெறும் உழைப்பு போதாது, சிறிதளவேனும் படைப்புத் திறன் வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. இங்கே எந்த வரியையும் யாரும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் கூலி வரி இடம் மாறியது கண்ணில் பட்டிருக்கும், மேக்ஃபைல் செத்துக் கிடப்பது தெரிந்திருக்கும். வகை பார்க்காமல் எல்லாக் கோப்புக்கும் ஒரே அமைப்பை ஏவியவர், தாம் வைத்திருப்பது என்னவென்றே அறியாதவர்.

அப்போது நீதிபதி கேட்ட கேள்வியை மறக்க முடியாது. “ஒப்பீட்டில் இடைவெளியைப் புறந்தள்ளுங்கள் என்கிறீர்கள். கூலி வரியில் இடைவெளிதான் எல்லாம் என்கிறீர்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?”

வழக்கின் உயிர்நாடி அந்தக் கேள்விதான். நான் சொன்னேன்: “எந்த வரி எதற்குள் நிற்கிறது என்பது எழுதியவருடைய சிந்தனை. அந்த இடம் டேப்பால் நிரம்பியதா, ஸ்பேஸால் நிரம்பியதா, எத்தனையால் நிரம்பியது என்பது எடிட்டரின் அமைப்பு. முன்னதற்குப் பாதுகாப்பு உண்டு. பின்னதை மாற்றுவதால் புதிய படைப்பு பிறப்பதில்லை. ஆனால் பின்னதை மாற்றும்போது முன்னது உடைந்தால், உடைந்த இடமே சாட்சி.” எல்லா மொழியிலும் கணினி உள்தள்ளலைப் பார்க்குமா என்று கேட்டார். இல்லை என்று விளக்கினேன். வழக்குப் போட்ட 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் ஆப்பிள் நிறுவனம் தன் பாதுகாப்பு நிரலில் ஒரு பெரிய ஓட்டையை அடைத்திருந்தது. சி மொழியில் எழுதப்பட்ட அதில் ஒரு வரி இரண்டு முறை விழுந்திருந்தது. இரண்டாவது வரியும் நிபந்தனைக்குள் அடங்கியதுபோல உள்தள்ளி நின்றது. சி மொழிக்கு உள்தள்ளல் கண்ணில் படாது. அந்த வரி நிபந்தனையின்றி எப்போதும் ஓடி, இணையத் தொடர்பின் கையொப்பச் சரிபார்ப்பைத் தாண்டிப் போனது. அங்கே இடைவெளி மனிதரை ஏமாற்றியது, கணினியை ஏமாற்றவில்லை. பைத்தானில் இடைவெளி கணினிக்கே கட்டளை. கோப்பின் வகையைச் சொல்லாமல் இடைவெளியின் பொருளைச் சொல்ல முடியாது.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. நிரந்தர உறுத்துக்கட்டளையும், விற்ற பிரதிகளுக்குக் கணக்குக் காட்டும் உத்தரவும் கிடைத்தன. பிரதிவாதி மேல்முறையீடு செய்யவில்லை. தம்பி அந்த நிரலைத் திருத்தி இன்றும் மண்டிகளுக்குக் கொடுத்துவருகிறார்.

சட்டம் அதன்பின் நகர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியம், 2023 நடைமுறையில் இருக்கிறது. அதன் 63ஆம் பிரிவுச் சான்றிதழின் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். கட்சிக்காரர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் நிரப்ப வேண்டும். ஆகவே நிரலைக் கொண்டுவரும் கட்சிக்காரரிடம் வழக்கறிஞர் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, ‘எதையும் திறந்து சேமிக்காதீர்கள்’ என்பதுதான். இன்றைய எடிட்டர்கள் சேமிக்கும்போதே உள்தள்ளலை ஒழுங்குபடுத்தும் வசதியோடு வருகின்றன. அந்த உதவி சாட்சியத்தின் ஹாஷை மாற்றிவிடும். முதலில் நகல், அடுத்து ஹாஷ், அதன்பிறகுதான் வாசிப்பு.

நிரல் எழுதும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்வேன். உள்தள்ளலை எடிட்டரின் போக்கில் விடாதீர்கள், கோப்பின் வகைக்கு ஏற்ப நீங்களே வையுங்கள். பைத்தானுக்கு நான்கு ஸ்பேஸ். மேக்ஃபைலுக்கு டேப். யாமல் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் செல்லவே செல்லாது. கோ மொழியில் அதன் சொந்த ஒழுங்குபடுத்தி டேப்பையே வைக்கும். விம்மில் கோப்பு வகைக்கு ஒரு விதி எழுதலாம், விஎஸ் கோடில் ஒவ்வொரு மொழிக்கும் தனி அமைப்பு வைக்கலாம். இவற்றைவிட நல்லது எடிட்டர்கான்ஃபிக் என்ற சிறு கோப்பு. எந்தப் பெயர்முடிவுக்கு எந்த உள்தள்ளல், எந்த வரி முடிவு என்று அதில் எழுதி நிரலோடு ஒரே கோப்புறையில் வைத்தால், பல எடிட்டர்கள் அதைப் படித்து நடக்கும். மண்டியில் உட்கார்ந்து அவசரமாகச் சேர்க்கும் ஒரு வரியும் அப்போது சரியான இடத்தில் விழும். இடைவெளியை மட்டும் திருத்தினால், அதைத் தனி மாற்றமாகப் பதிவு செய்யுங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு தெளிவாக நிற்கும். ஒப்படைக்கும்போது தேதியிட்ட ரசீதும் தொடப்படாத ஒரு பிரதியும் வாடிக்கையாளரிடம் இருக்கட்டும்.

கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்து எழுதுபவருக்கும் சென்னையின் பெரிய நிறுவனத்தில் எழுதுபவருக்கும் சட்டம் ஒரே உரிமையைத்தான் தருகிறது. அதைக் காக்கும் வேலை எங்களைப் போன்ற மாவட்ட வழக்கறிஞர்களுடையது. இத்தகைய வழக்கு வந்தால் முதல் வாய்தாவுக்கு முன்பே இரண்டு ஒப்பீடுகளையும் கேளுங்கள்: இடைவெளியோடு ஒன்று, இடைவெளி இல்லாமல் ஒன்று. ஒன்றை மட்டும் பார்த்தால் நகல் புதியதுபோலத் தோன்றும், மற்றொன்றை மட்டும் பார்த்தால் கூலி வரி இடம் மாறியது மறைந்துபோகும். இரண்டையும் அருகருகே வைத்து, கோப்பு வகை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது, எழுதியவர் யார் என்பதும் எடுத்தவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.